நாற்பத்திரண்டு அரிவாமனை

கல்யாணசுந்தரி கோபக்காரி என்று அவள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வெயில் சுடும் என்பதைப்போலச் சொல்வார்கள், காரணம் சொல்லமாட்டார்கள். பொதுவாக அவளுக்கும் காரணம் தேவைப்படுவதில்லை. ஆனால் போன பங்குனியில் வந்த கோபத்துக்குக் காரணம் இருந்தது. அது இன்னும் தணியவில்லை. தணிய வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

காரைக்குடியில் ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் வீடு. வயது நாற்பத்தொன்பது. புருஷன் ஆசைத்தம்பி தச்சு ஆசாரி. இடிக்கிற பழைய வீடுகளில் மிஞ்சும் தேக்குத் துண்டுகளை எடைக்கு வாங்கிவந்து பலகை இழைப்பார். திருப்பத்தூர்ப் பட்டறையில் அடித்து வாங்கிய இரும்பை அதில் பொருத்தி அரிவாமனை செய்வார். நுனியில் தேங்காய் துருவுகிற பல். உட்கார்ந்து ஒரு காலால் பலகையை மிதித்துக்கொண்டால் மலைபோல ஆடாமல் நிற்கும். அவருக்குச் செய்யத் தெரியும், விற்கத் தெரியாது. கல்யாணமான புதிதில் ஒரு திருவிழாவில் கடைபோட்டவரிடம் ஒரு அம்மாள், "இது நல்லா வெட்டுமாப்பா?" என்று கேட்டிருக்கிறார். "வெட்டும்னுதான் நெனைக்கிறேன்" என்றாராம். அன்றைக்கு ஒன்றும் போகவில்லை. மறுநாள் கல்யாணசுந்தரி கடையில் உட்கார்ந்தாள். இருபத்தாறு வருஷம் ஆகிறது, எழுந்திருக்கவில்லை.

நிற்கிற ஆளுக்கு அவள் அரிவாமனை விற்பதில்லை. வாங்க வருகிறவர்கள் அவள் விரித்திருக்கும் சாக்கில் உட்கார வேண்டும். காலை எங்கே வைக்கிறார்கள், முட்டி மடங்குகிறதா என்று பார்ப்பாள். "உங்களுக்கு இது ஒசரம் பத்தாது, அதை எடுங்க" என்பாள். முட்டி வலிக்காரருக்கு மேஜையில் வைத்து வெட்டுகிற மாதிரி ஒன்று தனியாகச் செய்யச் சொல்லியிருந்தாள். வாழைப்பூவையும் முருங்கைக் கீரையையும் நின்றுகொண்டு கத்தியால் வெட்டிப் பார்த்துத் தோற்றுப்போனவர்கள் திரும்பி வந்துகொண்டேதான் இருந்தார்கள். வியாபாரம் படுக்கவில்லை.

மாவட்டத்தில் எந்த ஊரில் எந்த நாளில் திருவிழா என்பது அவளுக்குத் தலைகீழாகத் தெரியும். பதினாலு ஊர். எந்த ஊரிலும் அவளுக்கு எழுத்தில் இடம் கிடையாது. "அது நம்ம சுந்தரி கடை எடம்" என்று கமிட்டிக்காரர்கள் வாயில் இருக்கும்வரை அது அவள் இடம். அந்த வாய் மாறினால் அடுத்த வருஷம் அங்கே பிளாஸ்டிக் குடம் உட்கார்ந்திருக்கும். அவளுக்கு இருந்த சொத்து அந்தப் பேர் ஒன்றுதான். அதில்தான் கைவைத்தார்கள்.

காரைக்குடியிலேயே பங்குனியில் நடக்கும் வேம்படியாள் கோயில் திருவிழாவின் ஆறாம் நாள் சாயங்காலம், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு தலைவரின் பிறந்தநாள் பேனர் கிழிந்து கிடந்தது. கிழித்தவன் யாரென்று யாருக்கும் தெரியாது, ஆனால் எல்லோரும் ஒரு பேர் வைத்திருந்தார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் மூன்று பஸ் கண்ணாடி, ஒரு செருப்புக் கடை, ஒரு டீக்கடை பாய்லர். டீக்கடை பாய்லர் எந்தத் தரப்பு என்று இதுவரை தெரியவில்லை. மறுநாள் காலையில் நூற்று நாற்பத்து நாலு போட்டார்கள். வெளி மாவட்டத்துப் போலீஸ் முந்நூறு பேர் வந்து இறங்கினார்கள். திருவிழா நடக்கலாம், கூட்டம் கூடக் கூடாது என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அதைக் கேட்டுச் சாமியே சிரித்திருக்கும்.

பத்து மணிக்குக் கடைத்தெருவில் சோதனை. ஒரு எஸ்.ஐ., பின்னால் நாலு பேர். கல்யாணசுந்தரி கடைக்கு முன்னால் ஜீப் நின்றது.

"என்னம்மா இதெல்லாம்?"

"பாத்தாத் தெரியலையா? அரிவாமனை."

"ஆயுதம் மாதிரி எதுவும் வெளிய இருக்கக் கூடாதுன்னு ஆர்டர்."

"ஆயுதமா? இதத் தூக்கிக்கிட்டு எவன் சார் ஓடுவான்? ரெண்டு கிலோ கட்டை இருக்கு. ஓடுறவன் இடறி விழுந்து மூக்கு ஒடைஞ்சாத்தான் உண்டு."

பக்கத்துப் பொரிக்கடையில் சிரித்தார்கள். எதிரில் வளையல் கடையிலும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் வினையாகப் போயிற்று. போகத் திரும்பிய எஸ்.ஐ. நின்றார்.

"எல்லாத்தையும் ஏத்துங்கப்பா."

சின்னக்கருப்பன் என்ற கான்ஸ்டபிள் சாக்கை விரித்தார். முப்பது வயதிருக்கும், வெளியூர்க்காரர், ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில் அப்படியே இருந்தது. கல்யாணசுந்தரி தடுக்கவில்லை. தடுத்தால் கடையையே ஏற்றிவிடுவார்கள் என்று தெரியும். "ஏய், பல்லு மேல பலகைய வைக்காதீக! மடங்கிரும், அப்புறம் தேங்காயத் தலையிலயா துருவுறது?" என்றுதான் கத்தினாள். அவரும் பாவம், ஒவ்வொன்றாகத் திருப்பித்தான் அடுக்கினார். பிறகு ஜீப்பின் முன்பக்கத்தில் ஒரு தாளை வைத்து எண்ணி எழுதினார். என்ன எழுதினார் என்று அவள் பார்க்கவில்லை. அது ஒன்றுதான் அவள் செய்த பிழை.

மத்தியானம் அவள் மகள் யோகலட்சுமி ஓடிவந்தாள். ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள், சாப்பாட்டு நேரத்தில் வந்திருந்தாள். "அம்மா, இதப் பாரு" என்று போனை நீட்டினாள்.

திருவிழாக் கடையில் பதுக்கிய 42 அரிவாள்கள் பறிமுதல். பெண் வியாபாரியிடம் விசாரணை.

கீழே படம். வாய் கட்டிய இரண்டு சாக்கு, வரிசையாகப் போலீஸ், ஓரத்தில் கல்யாணசுந்தரி. வாய் திறந்திருந்தது. தேங்காய்ப் பல்லைப் பற்றித்தான் அவள் பேசிக்கொண்டிருந்தாள். படத்தில் பார்த்தால் தலையை எடுக்கச் சொல்லிக் கூவுகிறவள் மாதிரி இருந்தது.

"சாக்க அவுத்துக் காட்டிப் படம் எடுத்திருந்தா ஒரு நாயி நம்பியிருக்குமா?" என்றாள். "பதுக்குனேனாமே! நடுத்தெருவுல சாக்கு விரிச்சுப் பதுக்குறவ நாந்தான்."

"கடைல எல்லாரும் கேக்குறாகம்மா."

"என்னன்னு?"

"உங்கம்மாவா இதுன்னு."

ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி ஆள் வந்தபோது மணி நாலு. ஆசைத்தம்பியும் கூடப் போனார். எஸ்.ஐ. ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார். "சின்னக் கேஸ்தாம்மா. கையெழுத்துப் போட்டுட்டு ஃபைனக் கட்டிட்டுப் போ. பொருள் பின்னாடி வரும்."

அவள் எட்டாவது வரை படித்தவள். எடுத்து வாசித்தாள். கட்டம் கட்டமாகப் போட்ட தாள். பொருளின் பெயர் என்ற கட்டத்தில் அரிவாள் என்றும், எண்ணிக்கையில் நாற்பத்திரண்டு என்றும் இருந்தது.

"மனை எங்க சார்?"

"என்ன மனை?"

"எனக்கு மனை வேணும்."

"மனை பட்டா வெவகாரமெல்லாம் தாலுகா ஆபீஸ்ல போய்க் கேளும்மா."

"வீட்டு மனையக் கேக்கலைங்க. அரிவாமனையில மனை எங்கன்னு கேக்குறேன். அருவான்னுல்ல எழுதியிருக்கீக?"

எஸ்.ஐ. சின்னக்கருப்பனைப் பார்த்தார். சின்னக்கருப்பன் தாளைப் பார்த்தார். "கட்டம் சின்னது சார். சுருக்கி எழுதினேன்."

"தம்பி, உங்க பேரு என்ன?"

"சின்னக்கருப்பன்."

"கட்டம் சின்னதுன்னு சம்பளத் தாள்ல கருப்பன விட்டுட்டுச் சின்னன்னு எழுதுனா வாங்கிக்கிருவீகளா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குப் புரிந்துவிட்டது. எஸ்.ஐ.க்கும் புரிந்துதான் இருந்தது. ஆனால் நாற்பத்திரண்டு அரிவாள் என்று காலையிலேயே மேலே சொல்லியாகிவிட்டது. மேலே இருப்பவர் அதற்கு மேலே சொல்லிவிட்டார். ஊரில் கல்லெறிந்தவன் ஒருவன்கூட அகப்படாத நாளில் நாற்பத்திரண்டு அரிவாள் அகப்பட்டது பெரிய ஆறுதலாக இருந்திருக்க வேண்டும்.

"இப்பப் போயி வெங்காயம் நறுக்கிறதுன்னு சொன்னா என்னைய என்ன நெனைப்பாங்க?" என்றார்.

"அருவா விக்கிறவன்னு சொன்னா என்னைய என்ன நெனைப்பாக?"

"வாய் ரொம்ப நீளுதும்மா."

"உங்க எழுத்துத்தான் சார் குட்டை."

ஆசைத்தம்பி அவள் முழங்கையைத் தொட்டார். வெளியே வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்திப் பேசினார். "போட்டுரு சுந்தரி. ரெண்டு எழுத்துத்தான். கோர்ட்டு கேசுன்னு யாரு அலையிறது? யோகாவப் பாக்க வாரவுக காதுல விழுந்தா என்னத்துக்காகும்?"

"அதுக்குத்தான் போட மாட்டேங்கிறேன். அரிவாமனை விக்கிறவ மகள்னு வந்து பாக்கட்டும். அருவா விக்கிறவ மகள்னு எவன் வருவான்? வந்தா அவன் எப்பிடிப்பட்டவனா இருப்பான்?"

"நீ கொஞ்சம் தணிஞ்சு..."

"நீங்க தணிஞ்சு தணிஞ்சுதான் தரையில கெடக்கீக."

அவர் கையிலிருந்த பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். இருபத்தாறு வருஷத்தில் இப்படி எத்தனையோ கேட்டிருக்கிறார். ஆனால் அன்றைக்கு அவளுக்கே அது கூடுதலாகப்பட்டிருக்க வேண்டும். திரும்பி வரும்போது அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். அவளுடைய மன்னிப்பு அவ்வளவுதான். ஆறு மணிவரை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுக் கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு வந்தாள். நாளைக்குள் போடாவிட்டால் ஆயுதக் கேஸாகவே எழுதிவிடுவேன் என்று எஸ்.ஐ. சொல்லியனுப்பினார்.

மறுநாள் காலை எட்டரைக்குப் போனால் எஸ்.ஐ. ஸ்டேஷனில் இல்லை. வெளியூர்ப் போலீசை ஒரு கல்யாண மண்டபத்தில் தங்கவைத்திருந்தார்கள், அங்கே போயிருக்கிறார் என்றார்கள். கல்யாணசுந்தரியும் ஆசைத்தம்பியும் நடந்தே போனார்கள். முன்வாசலில் விடவில்லை. "அங்குட்டுச் சுத்தி வாங்க" என்று ஒரு காவலர் கையைக் காட்டினார். சுற்றிப் போனால் சமையல்கட்டு.

அங்கே மூன்று பெண்கள் தரையில் உட்கார்ந்து முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். மூன்று பேர் காலடியிலும் ஆளுக்கொரு அரிவாமனை.

ஆசைத்தம்பிதான் முதலில் நின்றார். தான் இழைத்த பலகை அவருக்குத் தெரியாதா? ஒன்றின் ஓரத்தில் பழைய கதவு நிலையில் செதுக்கியிருந்த தாமரையில் பாதி இதழ் அப்படியே இருந்தது. அதை இழைத்துத் தள்ள மனம் வராமல் விட்டுவைத்தவர் அவர்.

"இது ஏது உங்களுக்கு?" என்றாள் கல்யாணசுந்தரி. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. தெருக்காரர்கள் யாராவது இருந்திருந்தால் அந்தக் குரலுக்கே நாலடி தள்ளி நின்றிருப்பார்கள்.

மூவரில் மூத்தவள் முத்துமாரி, மண்டபத்துச் சமையல்காரி, கள்ளமில்லாமல் நிமிர்ந்தாள். "போலீஸ்காரத் தம்பிமாரு குடுத்தாகக்கா. முந்நூறு பேருக்கு வெட்டணும், எங்க கத்தி மழுங்கிப்போச்சு. ஜீப்புல சாக்கு நெறையா இருக்கு, இதுல வெட்டுங்கன்னு எடுத்துக் குடுத்தாக. என்னமா வெட்டுது தெரியுமா? எங்கக்கா கெடைக்கும் இது?"

"வேம்படியா கோயில் திருவிழாவுல."

"அங்கயா? எந்தக் கடை?"

"போன்ல போட்டிருக்கான் பாரு. அருவாக் கடை."

சொல்லிவிட்டுச் சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழைந்தாள். நூறு பேருக்குக் குறையாமல் உட்கார்ந்து இட்லியும் சாம்பாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எஸ்.ஐ. கையில் தட்டோடு ஜன்னலோரம் நின்றார்.

"சார்! ஆயுதத்துல வெட்டித்தான் சாம்பார் வைக்கிறீகளா?"

தட்டுகளிலிருந்து தலைகள் நிமிர்ந்தன.

"நாப்பத்திரண்டு அருவான்னு ஊருக்கெல்லாம் சொன்னீகளே, அதுல மூணு உள்ள கோசு நறுக்குது. வாங்க, வந்து பாருங்க. பதுக்குன அருவாவுல வெட்டுன காயத் தின்ன அம்புட்டுப் பேர் மேலயும் கேசு போடுங்க. மொதக் கையெழுத்து நான் போடுறேன்!"

யாரோ ஒரு காவலர் சாம்பார் புரையேறி இருமினார். இன்னொருவர் சிரித்தார். பிறகு வரிசையாகச் சிரித்தார்கள். எஸ்.ஐ. தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்துக்கொண்டே நின்றார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சிரித்தவர்களையும் ஒரு பார்வை பார்த்தாள். "என்ன சிரிப்பு? உங்க வீட்டுல இது இல்லையா? உங்காத்தா எதுல நறுக்குச்சு? பல்லால கடிச்சா போட்டுச்சு?"

சிரிப்பு நின்றது.

சின்னக்கருப்பன் சாப்பாட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்தார். ஜீப்பிலிருந்து தாளையும் சீல் பெட்டியையும் எடுத்துவந்து எஸ்.ஐ. முன்னால் வைத்தார். "எழுதிரட்டுமா சார்?" என்று கேட்டார். எஸ்.ஐ. தட்டை ஒருவழியாக ஜன்னல் திட்டில் வைத்தார். வேண்டாமென்று சொல்லவில்லை. கட்டத்துக்குள் இடம் இல்லை. சின்னக்கருப்பன் கோட்டைத் தாண்டி ஓரத்தில் மனை என்று எழுதினார். எஸ்.ஐ. பக்கத்தில் சின்னதாக ஒரு கையெழுத்துப் போட்டார். தவறுதலாக எடுத்ததைத் திருப்பிக் கொடுத்ததாகக் கீழே ஒரு வரி, அதற்கு ஒரு சீல். "எனக்கு ஒண்ணு" என்று கேட்டு நகல் வாங்கிக்கொண்ட பிறகுதான் கல்யாணசுந்தரி முழுப் பேரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

சமையல்கட்டுக்குத் திரும்பியபோது முத்துமாரி அரிவாமனையை விட்டு எழுந்து நின்றிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. "எனக்குத் தெரியாதுக்கா. கோசு பாதியில கெடக்கு. எடுத்துட்டுப் போறீகளா?"

"முடிச்சிட்டுக் குடு. அதுக்காக முந்நூறு பேரப் பட்டினி போடவா? கழுவித் தொடைச்சுக் குடு, ஈரத்தோட வச்சா துருப் பிடிச்சிரும்."

இதோடு முடிந்திருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது.

யோகலட்சுமி அந்தச் செய்தியைப் போட்டவர்களுக்கு நகலைப் படம் எடுத்து அனுப்பினாள். கைகூப்புகிற படம் ஒன்று பதிலாக வந்தது. செய்தி அப்படியே இருந்தது. ஒன்பதாம் நாள் கல்யாணசுந்தரி அதே இடத்தில் கடை விரித்தாள். வழக்கமாக வருகிற பெண்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் பிள்ளையின் கையைப் பிடித்து அங்குட்டுத் திருப்பிக்கொண்டு போனார்கள். இருட்டுவதற்குள் போனது இரண்டே இரண்டு. அந்த இரண்டையும் வாங்கியவர்கள் வெளியூர்க்காரர்கள்.

சாயங்காலம் இரண்டு இளவட்டங்கள் வந்தார்கள். இருபது வயதுகூட இருக்காது. ஒருவன் குனிந்து ரகசியமாகக் கேட்டான்.

"அக்கா, உள்ள வச்சிருக்கிறதக் காட்டுங்க."

"எதை?"

"அதான்க்கா. போன்ல பாத்தோமே. நீளமா..."

கல்யாணசுந்தரி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "உக்காரு."

"எதுக்குக்கா?"

"நான் உக்காராத ஆளுக்கு யாவாரம் பண்றதில்ல. உக்காரு."

உட்கார முயன்றான். இறுகிய பேண்ட் முட்டிக்கு மேல் மடங்கவில்லை. ஒரு காலை நீட்டி, மறு காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையை ஊன்றிச் சாய்ந்தான். அவள் ஒரு வாழைக்காயை எடுத்து அவன் மடியில் போட்டாள்.

"இத நறுக்கு. பஜ்ஜிக்குத் தோதா, மெல்லிசா. நறுக்கிட்டேன்னா நீ கேட்டது என்கிட்ட இருந்தாலும் இல்லாட்டியும் செஞ்சாவது தாரேன்."

கூட வந்தவன் சிரித்தான். உட்கார்ந்தவன் வாழைக்காயை இரும்பின் முதுகுப் பக்கத்தில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தான்.

"எந்தப் பக்கம் வெட்டும்னு தெரியல, ஒனக்கு அருவா! போடா. போயி ஒங்கம்மா பக்கத்துல ஒரு நாளு உக்காந்து வெங்காயம் உரிச்சுக் குடு. கண்ணுல தண்ணி வரட்டும், அப்பயாச்சும் அடங்குவ. பஸ்சுக் கண்ணாடிய ஒடைக்கிறதுக்கும் ஒரு வேலைன்னு பேரு வச்சிருக்கீகளா?"

அவர்கள் போனபிறகும் வெகுநேரம் திட்டிக்கொண்டிருந்தாள். பொரிக்கடைக்காரர், "போயிட்டானுக சுந்தரி" என்றார். "போனா என்ன? போன்ல இருக்கேன்ல? நாளைக்கு இன்னொருத்தன் வருவான்" என்றாள். அது உண்மைதான். அந்த வாரமே இன்னும் இரண்டு பேர் வீடு தேடி வந்தார்கள்.

சித்திரையில் கொத்தமங்கலம் தாண்டி ஒரு ஊரில் திருவிழா. தேர் நிற்கிற இடத்துக்கு எதிரில் பதினோரு வருஷமாக அவள் கடை. நாலு நாள் முன்னால் கமிட்டிச் செயலாளர் மெய்யநாதன் போன் பண்ணினார். நல்ல மனுஷர்தான். "தப்பா எடுத்துக்காதத்தா. இந்த ஒரு வருசம் வேணாம்னு கமிட்டில பேசிக்கிறாக. ஊரு நெலவரம் ஒனக்கே தெரியும். அடுத்த வருசம் பாப்போம்" என்றார்.

அடுத்த வருஷம் என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். ஒரு ஊர் கையை விரித்தால் மற்றப் பதின்மூன்றும் அதைப் பார்த்துத்தான் விரிக்கும். அவள் போனை வைத்துவிட்டாள். திருவிழா அன்று விடியற்காலை குட்டியானை வண்டியில் சாக்குகளை ஏற்றிக்கொண்டு போய், கமிட்டிக்காரர்கள் ஐந்து பேரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கொட்டகைக்குள் நேராக நுழைந்தாள். நகலை மெய்யநாதனிடம் நீட்டினாள்.

"வாசிங்க. எல்லாருக்கும் கேக்குற மாதிரி."

மெய்யநாதன் மூக்குக்கண்ணாடியை மாட்டினார். "பொருளின் பெயர், அரிவாள். எண்ணிக்கை, நாற்பத்திரண்டு." நிமிர்ந்தார். "அப்ப செய்தி சரிதானத்தா?"

"ஓரத்துல பாருங்க."

"ஓரத்துல என்ன... ஓ. மனை."

"சேத்து வாசிங்க."

"அரிவாள்... மனை."

"மூச்சு விடாம வாசிங்க."

"அரிவாள்மனை."

"என்னத்த நறுக்குறது அது?"

மெய்யநாதனுக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். "காய்கறித்தா."

"கீழ ஒரு வரி இருக்கு. அதையும் வாசிங்க."

வாசித்தார். தவறுதலாக என்ற இடத்தில் அவரே கொஞ்சம் நிறுத்தித்தான் வாசித்தார். மற்ற நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அந்த எடத்த ஐஸ்கிரீம் வண்டிக்குச் சொல்லிட்டமே" என்றார். "ஜெனரேட்டர் பக்கத்துல எடம் கெடக்கு, சுந்தரிய அங்குட்டுப் போட்டுக்கிறச் சொல்லு."

"நான் ஜெனரேட்டர் பக்கத்துல கேக்கல" என்றாள் கல்யாணசுந்தரி.

அவள் தாளை வாங்கி மடித்துக்கொண்டு தேரடிக்குப் போனாள். ஐஸ்கிரீம்காரர் அப்போதுதான் குடையை நட்டுக்கொண்டிருந்தார். பின்னாலேயே மெய்யநாதன் செருப்பு இல்லாமல் ஓடிவந்தார். "கொஞ்சம் இங்குட்டுத் தள்ளிக்க தம்பி. அது அரிவாமனைக் கடை எடம்" என்றார். ஐஸ்கிரீம்காரர் முணுமுணுத்தபடி குடையைப் பிடுங்கி, பெட்டியை நகர்த்தி, கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்து முடிக்க அரைமணி ஆனது. அதுவரை கல்யாணசுந்தரி இடுப்பில் கைவைத்துக்கொண்டு அந்த இடத்தின் நடுவிலேயே நின்றாள். உட்காரச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.